கையுறையைக் கழற்றிய மூன்றாம் எண் வீரர்: குமார் சங்கக்காரா பற்றி வாசகர் கேள்விகள்

இலங்கையின் குமார் சங்கக்காராவைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. விக்கெட் கீப்பிங் அவருடைய பேட்டிங்கை வளர்த்ததா, கெடுத்ததா? அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் கடைசி வரை கீப்பராகவே டெஸ்ட் ஆடினார். சங்கக்காரா மட்டும் ஏன் பாதியில் கையுறையைக் கழற்றினார்? அது சரியான முடிவா? (மதுரை வாசகர்)

பதில்: சரியான முடிவுதான். கணக்கே சொல்கிறது. சங்கக்காரா மொத்தம் 134 டெஸ்ட் ஆடி 12,400 ரன் எடுத்தார், சராசரி 57.40, சதங்கள் 38. இதைக் கீப்பராக ஆடியவை, வெறும் மட்டையாளராக ஆடியவை என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கீப்பராக 48 டெஸ்டில் 3,117 ரன், சராசரி 40.48, சதம் 7. கையுறை இல்லாமல் 86 டெஸ்டில் 9,283 ரன், சராசரி 66.78, சதம் 31.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கீப்பராக ஆடியவற்றில் பெரும்பகுதி அவருடைய ஆரம்ப ஆண்டுகள். 2000 ஜூலையில் காலேயில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 22. பெரும்பாலான மட்டையாளர்கள் 22 வயதைவிட 30 வயதில் நன்றாக ஆடுவார்கள். ஆகவே வித்தியாசம் முழுவதையும் கையுறையின் தலையில் கட்ட முடியாது. ஆனால் 26 ரன் வித்தியாசம் வயதால் மட்டும் வருவதும் இல்லை.

காரணம் அவர் மட்டை பிடித்த இடம், மூன்றாம் எண். ஒரு நாளில் 90 ஓவர் என்றால் 540 பந்து. கீப்பர் 540 முறை குந்தி எழ வேண்டும், 540 முறையும் பந்து தன்னிடம்தான் வரும் என்று நினைத்து நிற்க வேண்டும். ஒன்றரை நாள் அப்படி நின்ற பிறகு எதிரணி ஆட்டமிழந்தால் அடுத்த இன்னிங்ஸ் தொடங்கப் பத்து நிமிடம்தான். தொடக்க வீரர் முதல் ஓவரிலேயே வெளியேறினால் மூன்றாம் எண் வீரர் தொடை நடுங்க, விரல் வீங்கிய நிலையில் புதுப் பந்தைச் சந்திக்கப் போக வேண்டும். கில்கிறிஸ்ட் ஆடியது ஏழாம் எண்ணில். அவருக்குக் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு வர நேரம் இருந்தது. ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவர் கீப்பராக இருந்தும் 50-க்கு மேல் சராசரி வைத்தவர். அவரும் மூன்றாம் எண்ணைத் தன் இடமாக வைத்துக்கொள்ளவில்லை. சங்கக்காராவுக்கு மூன்றாம் எண்ணும் வேண்டும், கையுறையும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று அடிவாங்கத்தான் செய்யும்.

கையுறையை வாங்கிக்கொண்டவர் பிரசன்னா ஜெயவர்தனா. சுழலுக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்பதில் அவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கைகளில் ஒருவர். ஆக அணிக்கு இரண்டு பக்கமும் லாபம்.

கேள்வி: அப்படியென்றால் ஒருநாள் போட்டிகளில் மட்டும் ஏன் கடைசி வரை கீப்பராக இருந்தார்? (சேலம் வாசகி)

பதில்: அங்கே கணக்கு வேறு. 50 ஓவர், 300 பந்து, மூன்றரை மணி நேரம், நடுவில் ஓர் இடைவேளை. உடல் தாங்கும். மூன்றாம் எண்ணில் ஆடுபவரே கீப்பராகவும் இருந்தால் அணியில் ஓர் இடம் மிச்சமாகிறது. அதில் இன்னொரு மட்டையாளரையோ பந்துவீச்சாளரையோ சேர்க்கலாம். டெஸ்டில் ஒரு நல்ல கேட்ச் தவறினால் எதிரணி இன்னும் 150 ரன் அடித்துவிடலாம் என்பதால் சிறந்த கீப்பரையே நிறுத்துவார்கள். ஒருநாள் ஆட்டத்தில் அந்தக் கூடுதல் ஓர் ஆளின் மதிப்பு அதைவிடப் பெரிது.

பலன்: 404 ஒருநாள் போட்டிகளில் 14,234 ரன், சராசரி 41.98, சதம் 25. ஓய்வு பெற்றபோது டெண்டுல்கருக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். கீப்பராக 383 கேட்ச், 99 ஸ்டம்பிங், ஆக 482 பேரை வெளியேற்றியது ஒருநாள் கிரிக்கெட்டில் உலகச் சாதனை. கில்கிறிஸ்ட் 472, தோனி 444. ஸ்டம்பிங்கை மட்டும் தனியாக எடுத்தால் 123 உடன் தோனி முன்னால் நிற்கிறார்.

கையுறை எடுத்துக்கொண்டதை மட்டுமே பேசக் கூடாது, கொடுத்ததையும் சொல்ல வேண்டும். முதலில் பந்து வீசும் நாளில், ஆடுகளம் எவ்வளவு எழும்புகிறது, பந்து மட்டைக்கு நின்று வருகிறதா, வெளிச்சம் எந்த முனையில் கண்ணைக் குத்துகிறது என்பதை 300 பந்தும் பின்னால் இருந்து பார்ப்பவர் கீப்பர் ஒருவர்தான். பிறகு மட்டையோடு இறங்கும்போது அவருக்கு அந்த ஆடுகளம் புதிதல்ல.

கேள்வி: இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனுக்குக் கீப்பிங் செய்வது மிகக் கடினம் என்பார்கள். ஸ்டம்பை ஒட்டி நின்று அவர் பந்தை எப்படிப் பிடித்தார்? பயிற்சியில் என்ன செய்தால் அது வரும்? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி அணி கீப்பர்)

பதில்: முரளியின் ஆஃப் பிரேக் வலக்கை மட்டையாளருக்கு உள்ளே திரும்பி லெக் பக்கம் போகும். தூஸ்ரா எதிர்த்திசையில் வெளியே போகும். அதாவது கீப்பர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும், முடிவெடுக்க அரை நொடிக்கும் குறைவான நேரம். பந்து தரையில் பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் முடியாது. மணிக்கட்டிலிருந்தே படிக்க வேண்டும். மட்டையாளரைப் போலவே கீப்பரும் பந்துவீச்சாளரின் கையைப் படிப்பது இங்கே தவிர்க்க முடியாதது.

உங்கள் பயிற்சிக்கு வருவோம். ஸ்டம்புக்குப் பின்னால், நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் பெயில்ஸை (ஸ்டம்பின் மேலுள்ள சிறு கட்டைகளை) எளிதாகத் தட்டும் தூரத்தில் குந்துங்கள். பந்து முழுவதும் தெரியும்படி தலை ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே இருக்கட்டும். எடை முன்பாதத்தில், குதிகால் தரையை லேசாகத் தொட்டால் போதும். இரண்டு சுண்டுவிரல்களும் ஒட்டியபடி, விரல் நுனிகள் தரையைப் பார்க்க, கையுறை தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் தவறு செய்யும் இடம் அடுத்ததுதான். பந்து தரையில் படும்வரை எழக் கூடாது. பந்தின் எழும்பலோடு சேர்ந்துதான் உடம்பு எழ வேண்டும். முன்கூட்டியே எழுந்தவன் தாழ்ந்து வரும் பந்துக்குக் குனிய முடியாது, அது கையுறைக்கு அடியில் போய் நான்கு ‘பை’ ரன் ஆகும். தாமதமாக எழுந்தவன் பந்து எழும்பினால் கையை மட்டும் தூக்குவான், அப்போது விரல் நுனியில்தான் அடி விழும். மேலேயிருந்து கீழே இறங்குவதைவிடக் கீழேயிருந்து மேலே எழுவது சுலபம் என்பதால் சந்தேகம் வந்தால் தாழ்ந்தே இருங்கள்.

லெக் பக்கம் போகும் பந்துதான் உண்மையான சோதனை. மட்டையாளரின் உடம்பும் காலும் மறைப்பதால் ஒரு கணம் பந்து கண்ணிலிருந்து மறைந்துவிடும். அப்போது பந்தைத் தேடிக் கையை வீசக் கூடாது. பந்து தரையில் பட்ட இடத்தை வைத்து அது எங்கே வெளிப்படும் என்று கணித்து, இடக்காலை லெக் பக்கம் ஓரடி வைத்து, தலையையும் கையோடு கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும். மட்டையாளர் அடித்துவிடுவார் என்று மனம் ஒரு நொடி நினைத்தால் போதும், கை உறைந்துவிடும். ஒவ்வொரு பந்தும் தவறும் என்றே நினைத்து நிற்பவர்தான் நல்ல கீப்பர்.

பந்தைப் பிடித்ததும் கையை ஓர் அங்குலம் பின்னால் விட்டுக்கொடுத்து, அதே ஓட்டத்தில் பெயில்ஸுக்குக் கொண்டுபோங்கள். வயிறுவரை இழுத்துவிட்டுத் திரும்புவது பழைய பழக்கம்; அதற்குள் மட்டையாளரின் கால் கோட்டுக்குள் வந்துவிடும்.

வீட்டில் செய்ய: டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து, குந்திய நிலையிலேயே வெறுங்கையால் 50 முறை பிடியுங்கள். கையை இறுக்கிப் பிடித்தால் டென்னிஸ் பந்து துள்ளி ஓடிவிடும், அதுவே உங்களுக்கு ஆசிரியர். பிறகு ஸ்டம்புக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, பந்து அதன் பின்னால் மறைந்து வெளிவருமாறு நண்பரை வீசச் சொல்லி 30 பந்து பிடியுங்கள்.

கேள்வி: கீப்பர் ஸ்டம்புக்கு முன்னால் பந்தைப் பிடித்தால் என்ன ஆகும்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நோ-பால். பந்து மட்டையிலோ மட்டையாளர் மீதோ படும்வரை, அல்லது ஸ்டம்பைத் தாண்டும்வரை, அல்லது மட்டையாளர் ரன்னுக்கு ஓட முயலும்வரை கீப்பர் முழுவதுமாக ஸ்டம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். கையுறையின் நுனி முன்னால் வந்தாலும் ஸ்டம்பிங் செல்லாது. சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் அடுத்த பந்து ஃப்ரீ ஹிட் வேறு. கூடவே ஒன்று: மட்டையாளரின் கால் கோட்டின் மேல் மட்டும் இருந்தால் அவுட்தான். கோட்டுக்குப் பின்னால் ஏதாவது தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

கேள்வி: 624 ரன் கூட்டணி பற்றிச் சொல்லுங்கள். (காரைக்குடி வாசகர்)

பதில்: 2006 ஜூலை, கொழும்பு எஸ்.எஸ்.சி மைதானம். தென்னாப்பிரிக்கா முதல் நாளிலேயே 169 ரன்னுக்குச் சுருண்டது. இலங்கையும் 14 ரன்னுக்கு 2 விக்கெட் இழந்தது. இரண்டையும் எடுத்தவர் இளம் டேல் ஸ்டெய்ன். அங்கே சேர்ந்த சங்கக்காராவும் மஹேலா ஜெயவர்தனாவும் பிரிந்தபோது ஸ்கோர் 638. முதல்தரக் கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் இதுவே மிகப் பெரிய கூட்டணி. பரோடாவுக்காக விஜய் ஹசாரேயும் குல் முகமதுவும் சேர்த்த 577 ரன் சாதனை அதுவரை ஏறத்தாழ 60 ஆண்டுகள் நின்றிருந்தது.

சங்கக்காரா 287, ஜெயவர்தனா 374. இலங்கை 5 விக்கெட்டுக்கு 756 ரன் எடுத்து டிக்ளேர் செய்து, இன்னிங்ஸ் மற்றும் 153 ரன்னில் வென்றது. அந்த டெஸ்டில் கையுறை அணிந்தவர் பிரசன்னா ஜெயவர்தனா என்பதைக் கவனியுங்கள். எதிரணி 169-ல் ஆட்டமிழந்த பிறகு உடனே இறங்க வேண்டியிருந்த மூன்றாம் எண் வீரர், அன்று குந்தி எழுந்த களைப்பு இல்லாமல் இறங்கினார்.

டெஸ்டில் இந்த இருவரும் சேர்ந்து எடுத்த மொத்த ரன் 6,554. டெண்டுல்கர், திராவிட் ஜோடியின் 6,920 மட்டுமே அதற்கு மேல்.

கேள்வி: அவருடைய கவர் டிரைவில் என்ன சிறப்பு? அஸ்வினிடம் ஏன் அப்படித் தடுமாறினார்? (சென்னை வாசகர்)

பதில்: இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்று: பந்தை நோக்கி எவ்வளவு தூரம் போகிறார் என்பது.

அவர் இடக்கை ஆட்டக்காரர், ஆகவே முன்கால் வலக்கால். பந்து வீசப்படும்முன் சற்றுப் பின்னாலும் ஆஃப் பக்கமும் நகர்வார். பிறகு வலக்காலைப் பந்தின் திசையில் நீளமாக எடுத்து வைத்து, முழங்காலை மடக்கி, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுவருவார். சில நேரம் பின்முழங்கால் தரையைத் தொட்டுவிடும். அவருடைய புகைப்படங்களில் பலருக்கும் நினைவில் நிற்பது அந்த மண்டியிட்ட கோலம்தான். அவ்வளவு தாழ்வதால் பந்து எழும்பாமல் தரையோடு போகும். மேல் கையான வலக்கைதான் மட்டையை நடத்தும், கீழ்க் கை சும்மா கூட வரும். கீழ்க் கை அவசரப்பட்டால் மட்டையின் முகம் மூடி, பந்து கவருக்குப் பதில் மிட்-ஆனுக்கு மேலே கிளம்பும். பையன்கள் இந்த ஷாட்டைப் பார்த்து மண்டியிடக் கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் தலையை மறந்துவிடுகிறார்கள். முழங்கால் தானாக மடங்க வேண்டும். தலை போகும் தூரம்தான் அதை மடக்குகிறது.

அஸ்வின் பற்றி: 2015 ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான இரண்டு டெஸ்ட்தான் அவருடைய கடைசி. நான்கு இன்னிங்ஸில் 5, 40, 32, 18. நான்கு முறையும் கேட்ச், நான்கு முறையும் பந்து வீசியவர் அஸ்வின். ஆஃப் ஸ்பின் இடக்கையாளருக்கு வெளியே திரும்பும். அஸ்வின் உயரமானவர், பந்தை மிதக்கவிட்டு முன்னே இழுப்பவர். முன்கால் போகிறது, ஆனால் பந்து நினைத்த இடத்துக்கு ஓரடி முன்னாலேயே இறங்கித் திரும்புகிறது. விளிம்பு, அருகில் நிற்பவன் கையில் கேட்ச். பந்தின் அடிக்கு வர முடியாவிட்டால் காலைப் பின்னுக்கு இழுத்துத் தாமதமாக ஆட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. முரளியை வலைப்பயிற்சியில் ஆடி வளர்ந்தவர் அவர். 37 வயதில், அந்தத் தொடரில் அந்த முடிவு அரை நொடி தாமதமானது. அதை வைத்துச் சுழலில் பலவீனமானவர் என்று எழுதுவது அநியாயம்.

கேள்வி: டெஸ்டில் பந்து வீசியிருக்கிறாரா? (ஈரோடு வாசகர்)

பதில்: சில ஓவர்கள், ஆஃப் ஸ்பின். விக்கெட் இல்லை.

கேள்வி: பிராட்மனின் இரட்டைச் சதச் சாதனையை ஒன்றில் தவறவிட்டார் என்கிறார்களே? (புதுச்சேரி வாசகி)

பதில்: பிராட்மன் 12, சங்கக்காரா 11. ஒன்றல்ல, மூன்று முறை கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது.

2007 நவம்பர், ஹோபார்ட். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 507. அவர் 192-ல் இருந்தபோது ஷார்ட் பந்து தோளிலும் ஹெல்மெட்டிலும் பட்டு ஸ்லிப்புக்குப் போனது. மட்டையில் படவே இல்லை. அம்பயர் அவுட் கொடுத்தார், பின்னர் அதற்கு வருத்தமும் தெரிவித்தார். அதை எதிர்த்து முறையிட அப்போது வழியில்லை; மறுபரிசீலனை முறை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது அடுத்த ஆண்டு, இலங்கையில் நடந்த இந்தியத் தொடரில். இலங்கை 410 வரை வந்து 96 ரன்னில் தோற்றது. எங்கள் கருத்தில் அவர் ஆடியதிலேயே சிறந்த இன்னிங்ஸ் இதுதான், 319 அல்ல.

2012 ஜூன், காலே, பாகிஸ்தானுக்கு எதிராக. ஸ்கோர்போர்டில் 194 என்று காட்டியது, அவர் சிக்ஸர் அடித்து மட்டையைத் தூக்கினார். உண்மையில் அவர் 193-ல் இருந்தார்; ஆக 199. அடுத்து கடைசி வீரர் ஆட்டமிழக்க, 199 நாட் அவுட் என்று நின்றுபோனது. அடுத்த டெஸ்டில், கொழும்பில், மறுபடி 192.

319 என்றதும் சொல்ல வேண்டியது: 2014 பிப்ரவரியில் சிட்டகாங்கில் வங்கதேசத்துக்கு எதிராக 319 எடுத்து, அதே டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் 105-ம் எடுத்தார். முச்சதமும் சதமும் ஒரே டெஸ்டில் எடுத்தவர் அவருக்கு முன் கிரஹாம் கூச் ஒருவரே. கீப்பராக ஆடி அவர் எடுத்த மிகப் பெரிய ஸ்கோர், 2002-ல் லாகூரில் ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் எடுத்த 230.

கேள்வி: உலகக் கோப்பை இறுதிகளில் தோற்றுக்கொண்டே இருந்தவர் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். (வேலூர் வாசகர்)

பதில்: நண்பர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2007 பார்படாஸ் இறுதியில் கில்கிறிஸ்ட் 149 அடித்த நாளில் சங்கக்காரா 54. 2009 லார்ட்ஸ் டி20 இறுதியில் தலைவராக இருந்து 64 நாட் அவுட். 2011 மும்பை இறுதியில், அதுவும் தலைவராக, 48. தோற்ற ஆட்டங்களில் ஒளிந்துகொண்டவர் அல்ல அவர். 2012 டி20 இறுதியில் கொழும்பில் மேற்கிந்தியத் தீவுகளிடமும் தோல்வி. பிறகு 2014 ஏப்ரல் 6, மிர்பூரில் டி20 இறுதி: இந்தியா 130-க்கு 4, இலங்கை 17.5 ஓவரில் எட்டியது. சங்கக்காரா 35 பந்தில் 52 நாட் அவுட், ஆட்ட நாயகன். அது அவருடைய கடைசி டி20 சர்வதேசப் போட்டி.

அடுத்த ஆண்டு, 37 வயதில், 50 ஓவர் உலகக் கோப்பையில் தொடர்ந்து நான்கு சதம்: வங்கதேசத்துக்கு எதிராக 105 நாட் அவுட், இங்கிலாந்துக்கு எதிராக 117 நாட் அவுட், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 104, ஸ்காட்லாந்துக்கு எதிராக 124. ஒருநாள் கிரிக்கெட்டில் அதற்குமுன் யாரும் தொடர்ந்து நான்கு எடுத்ததில்லை. அந்த ஆட்டங்களில் 50 ஓவர் குந்தி எழுந்ததும் அவரேதான். காலிறுதியில் சிட்னியில் தென்னாப்பிரிக்காவிடம் எதிர்முனை சரிய, 96 பந்தில் 45 எடுத்து வெளியேறினார்.

கேள்வி: 83 கலவரத்தின்போது சங்கக்காரவின் வீட்டில் தமிழர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு துடுப்பாட்ட ரசிகை)

பதில்: உண்மை. அவரே பொது மேடையில் சொன்னது. 2011 ஜூலை 4 அன்று லார்ட்ஸில் எம்.சி.சி-யின் (கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்) கௌட்ரி நினைவு உரையை நிகழ்த்தினார்; ஆடிக்கொண்டிருக்கும் வீரர் ஒருவர் அந்த உரையை ஆற்றியது அதுவே முதல் முறை. 1983 ஜூலையில் கண்டியில் தம் பெற்றோர் 35 தமிழ் நண்பர்களை வீட்டில் மறைத்துக் காப்பாற்றியதை அதில் நினைவுகூர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐந்து. வெளியே நடப்பது தெரியாமல், விளையாட இவ்வளவு பேர் வந்திருக்கிறார்களே என்று மகிழ்ந்ததாகவும் சொன்னார். குழந்தையின் அந்தச் சந்தோஷத்தை அவர் மறைக்காமல் சொன்னதுதான் அந்தப் பகுதியை இன்றும் மறக்க முடியாததாக்குகிறது. அதே உரையில் தம் நாட்டுக் கிரிக்கெட் நிர்வாகத்தின் சீர்கேட்டையும் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் அப்படிப் பேசுவது சாதாரணமல்ல.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கீப்பிங், தொடக்க பேட்டிங் இரண்டும் செய்கிறான். பயிற்சியாளர் ஆறாம் எண்ணில் ஆடச் சொல்கிறார். யார் சொல்வது சரி? (திருப்பூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஒரு நோட்டுப் புத்தகம் முடிவு செய்யட்டும். பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் அணி முதலில் பேட் செய்த நாட்கள். மறுபக்கம் கீப்பிங் முடித்துவிட்டு பேட் செய்த நாட்கள். ரன்னோடு சேர்த்து, எத்தனை பந்து நின்றான், எப்படி அவுட் ஆனான் என்றும் எழுதுங்கள். பக்கத்துக்குப் பத்து இன்னிங்ஸ் ஆனதும் பாருங்கள். இரண்டாவது பக்கத்தில் முதல் 15 பந்துக்குள் போல்டு, எல்பிடபிள்யூ என்று அதிகம் இருந்தால் கால் களைத்து முன்னால் நகரவில்லை என்று பொருள். பயிற்சியாளர் சொல்வது சரி. வித்தியாசம் இல்லையென்றால் 20, 25 ஓவர் ஆட்டங்களில் தொடக்கத்திலேயே ஆடட்டும். இரண்டு நாள் ஆட்டங்களில் மட்டும் நான்கு அல்லது ஐந்து.

வலைப்பயிற்சியிலும் வரிசையை மாற்றுங்கள். பெரும்பாலும் பையன்கள் முதலில் பேட் செய்துவிட்டுப் பிறகு கையுறை போடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் 20 நிமிடம் கீப்பிங், உடனே பேட் கட்டி 24 பந்து என்று திருப்புங்கள். ஆட்டத்தில் அவனுக்கு வரப்போவது அந்த வரிசைதான்.

கேள்வி: கீப்பிங் கையுறை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: உள்ளுறை போட்டபடியே அளவு பாருங்கள். விரல் நுனியில் அரை அங்குலம் இடம் இருந்தால் போதும். அதிகம் இருந்தால் நுனி மடங்கிப் பந்து வழுக்கும், இல்லாவிட்டால் விரலில் நேரடி அடி. விரல்களுக்கிடையே வலை இருக்கக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மட்டும் விதி அனுமதிக்கிறது. உள்ளங்கை ரப்பரின் புள்ளிகள் தேய்ந்து வழவழப்பானால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. வியர்வையில் நனைந்ததை வெயிலில் போடாதீர்கள், ரப்பர் இறுகி வெடிக்கும். நிழலில் காற்றாட விடுங்கள். பருத்தி உள்ளுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு இடைவேளையில் மாற்றுவது நல்லது.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: எம்.சி.சி-யின் தலைவரானார், பிரிட்டன்காரர் அல்லாத ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. ஐ.சி.சி-யின் ஹால் ஆஃப் ஃபேமில் 2021-ல் சேர்க்கப்பட்டார். ராஜஸ்தான் ராயல்ஸின் கிரிக்கெட் பொறுப்பையும் அதே ஆண்டில் ஏற்றார்.

ஆனால் எல்லாவற்றிலும் நாங்கள் முதலில் சொல்ல விரும்புவது சர்ரே அணிக்காக அவர் ஆடிய 2017 சீசனை. 40 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஸ்டம்புக்குப் பின்னால் பென் ஃபோக்ஸ். இங்கிலாந்தின் ஆரம்பக் கோடை ஆடுகளங்களில் தொடர்ந்து ஐந்து முதல்தரச் சதங்கள். ஆறாவது வரும் வழியில் எசெக்ஸுக்கு எதிராக 84-ல் ஆட்டமிழந்தார். சீசன் முழுவதும் 1,491 ரன், எட்டுச் சதம், சராசரி 106.50.